லீட்ஸ் நகரத்துக் கிட்ஸன் குடும்பத்தார்

இந்திய இருப்புப்பாதையின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் டல்ஹௌசி பிரபுவைச் சொல்வர்; பேராறுகளுக்குப் பாலமிட்ட பொறியியல் வல்லுநரைச் சொல்வர்; எந்த ஊருக்கு எந்த ஆண்டில் வண்டி வந்தது என்பதையும் சொல்வர். ஆனால் வண்டியை இழுத்துச் சென்ற எஞ்சினைச் செய்தவர் யாவர் என்னும் வினாவை எழுப்புவோர் அருகியே காணப்படுகின்றனர். இருப்புப்பாதையை அண்டிப் பிழைக்கும் எம்போன்றோருக்கும் அவ்விவரம் எளிதில் எட்டுவதில்லை. ஆதலின், நம் நாட்டின் மிகப் பழைய எஞ்சின்களுள் சிலவற்றைச் செய்தளித்த ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் வரலாற்றை, இவ்வாண்டு விழா மலரைப் படிக்கும் அன்பர்கட்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

தில்லி சாணக்கியபுரியில் 1977-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தேசிய இரயில் அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேசும்போது, ‘ஃபேரி குவீன்’ என்னும் சிறு எஞ்சினைக் குறிப்பிடாதார் இலர். வனதேவதையரின் அரசி என்பது அப்பெயரின் பொருள். 1855-ஆம் ஆண்டில் அது லீட்ஸ் நகரில் செய்யப்பட்டுக் கிழக்கிந்திய இரயில்வேக்காகக் கல்கத்தாவில் வந்து இறங்கிற்று. அந்த இரயில்வே 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரையில் 24 மைல் தூரம் தன் முதல் வண்டியை விட்டது. அடுத்த ஆண்டிலேயே பாதை இராணிகஞ்சு நிலக்கரி வயல் வரை நீண்டது. அந்தப் பாதையில் ஓடிய எஞ்சின்களுள் 22-ஆம் எண் தாங்கியது ஃபேரி குவீன். அதன் எடை 26 டன். பெரிய சக்கரத்தின் விட்டம் 6 அடி. 1909-ஆம் ஆண்டில் அதற்கு ஓய்வு அளிக்கப்பட்டது. செய்தவர்: கிட்ஸன், தாம்ஸன், ஹியூட்ஸன் என்னும் மூவர் கூட்டு. அம்மூவருள் முதலில் நிற்கும் பெயரே நாம் பேசப் போகும் குடும்பத்தின் பெயர்.

மதுக்கடைக்காரர் மகன்

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயர் மாகாணத்தில், ஏர் என்னும் ஆற்றின் கரையில் இருப்பது லீட்ஸ். கம்பளி நெய்த ஊர் அது. அருகிலேயே நிலக்கரியும் உண்டு. ஸ்டீபன்ஸனின் ‘ராக்கெட்’ 1829-ஆம் ஆண்டில் புகழ் பெறுவதற்கு 17 ஆண்டுகள் முன்னரே, அதாவது 1812-லேயே, மிடில்டன் சுரங்கத்து நிலக்கரியை லீட்ஸுக்குக் கொண்டுவர நீராவி எஞ்சின் ஓடிற்று. தண்டவாளத்தின் ஓரத்தில் பல் அமைத்துப் பற்சக்கரத்தால் இழுக்கும் அம்முறையை வகுத்தவர் ஜான் பிளெங்கின்ஸாப். எஞ்சினைச் செய்தவர் மாத்யூ மர்ரே. எஞ்சின் செய்யும் கலை அவ்வூர்ப் பட்டறைகளில் அன்றே வேர் ஊன்றிவிட்டது.

அவ்வூரில் 1807-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜேம்ஸ் கிட்ஸன். தந்தை மதுக்கடை நடத்தியவர். பொறியியல் அக்குடும்பத்திற்குப் பரம்பரைத் தொழில் அன்று. நிக்கலஸ் உட் என்பார் 1825-ஆம் ஆண்டில் இருப்புப்பாதைகளைப் பற்றி வெளியிட்ட நூல் ஒன்று இளைஞர் கிட்ஸன் கைக்குக் கிட்டிற்று. அந்நூலே அவர் உள்ளத்தைப் பட்டறையின் பக்கம் திருப்பியது. ஒரு நூல் ஒரு மனிதரை மாற்ற, அம்மனிதர் ஒரு தொழிலையே உண்டாக்கினார்.

1835-ஆம் ஆண்டில் சார்லஸ் டாட் என்பவரோடு கூடி, லீட்ஸின் ஹன்ஸ்லெட் பகுதியில் அவர் தொழில் தொடங்கினார். டாட், மாத்யூ மர்ரேயின் பட்டறையில் தொழில் பயின்றவர். ஆக, கிட்ஸனிடம் ஊக்கமும் டாடிடம் கைத்திறனும் இருந்தன. முதலில் பிறர் செய்யும் எஞ்சின்களுக்கு வேண்டிய உறுப்புகளையே செய்து கொடுத்தனர். பின்னர் டேவிட் லெயர்டு என்னும் வசதி படைத்த உழவர் பணம் போட்டுக் கூட்டாளியாக வந்து சேர, 1838-ஆம் ஆண்டில் முழு எஞ்சின்களைச் செய்யத் துணிந்தனர். லிவர்பூல்–மான்செஸ்டர் இரயில்வேக்காக அவர்கள் செய்த எஞ்சின்களுள் ஒன்றின் பெயர் ‘லயன்’, அதாவது சிங்கம்.

அச்சிங்கத்தின் வாழ்க்கை வியப்புக்குரியது. 1859-ஆம் ஆண்டில் அது லிவர்பூல் துறைமுகத்தாருக்கு விற்கப்பட்டது. தண்டவாளத்திலிருந்து இறங்கிய அது, கப்பல் பழுது பார்க்கும் துறையில் நீர் இறைக்கும் பொறியாகக் கட்டுண்டு கிடந்தது. 1928-ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ 70 ஆண்டுகள், அது நீர் இறைத்தது. பின்பு அதன் பழம்பெருமை உணரப்பட்டுச் செப்பனிடப்பெற்று, லிவர்பூல்–மான்செஸ்டர் இரயில்வேயின் நூற்றாண்டு விழாவில் மீண்டும் தண்டவாளம் ஏறியது. 1953-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டிட்ஃபீல்டு தண்டர்போல்ட்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில் அதுவே தலைமைப் பாத்திரம் ஏற்றது. புதிதாகத் தொழில் தொடங்கியோர் செய்த பொறி இத்துணைக் காலம் உழைத்தது எனின், அவர் தம் வேலையின் உறுதிக்கு வேறு சான்று வேண்டா.

கூட்டாளிகள் நிலைக்கவில்லை. டாட் விரைவிலேயே விலகி வேறொரு பட்டறைக்குச் சென்றார். எதிர்பார்த்த ஊதியம் காணாத லெயர்டும் பிரிந்தார். 1842-ஆம் ஆண்டில் ஐசக் தாம்ஸனும் வில்லியம் ஹியூட்ஸனும் சேர்ந்தனர். 1858-இல் தாம்ஸன் விலகினார். 1863-இல் ஹியூட்ஸன் மறைந்தார். அதன் பின் ‘கிட்ஸன் கம்பெனி’ என்னும் ஒரே பெயர் நின்றது. வந்தவர் போயினர், குடும்பம் மட்டும் நின்றது. கூட்டு வாணிகத்தில் இலாபம் குறையும்போது பிரிவது எளிது. குடும்பத் தொழிலில் பிரிவதற்கு இடம் இல்லாமையால், கெட்ட காலத்தையும் பொறுத்துக்கொண்டு நல்ல காலத்திற்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்பொறுமையே கிட்ஸன் நிலையத்தின் முதல் மூலதனம் என்பது எம் கருத்து.

மக்கள் வளர்த்த தொழில்

எஞ்சின் செய்வதற்கு நல்ல இரும்பு வேண்டும். அதைப் பிறரிடம் வாங்கிக்கொண்டிருப்பதில் மூத்த கிட்ஸனுக்கு மனநிறைவு இல்லை. 1854-ஆம் ஆண்டில் அவர் லீட்ஸிலேயே மங்க்பிரிட்ஜ் என்னும் இரும்பு ஆலையை வாங்கி, பிரெடரிக், ஜேம்ஸ் என்னும் தம் மைந்தர் இருவரிடத்தும் ஒப்படைத்தார். தந்தையின் பெயரையே தாங்கிய ஜேம்ஸுக்கு அப்போது அகவை 19. இலண்டன் யூனிவர்ஸிடி கல்லூரியில் வேதியியலும் இயற்கை அறிவியலும் பயின்றவர் அவர். செல்வர் வீட்டுப் பிள்ளையை மேசையருகே அமர்த்தாமல் உலையருகே நிறுத்திய தந்தையின் துணிவை நாம் பாராட்டுதல் வேண்டும். மற்றொரு மகனான ஜான் ஹாதார்ன் கிட்ஸன், ‘ஏர்டேல் வார்ப்படச்சாலை’ எனப் பெயர் பெற்ற எஞ்சின் தொழிற்சாலையில் பொறுப்பேற்றார்.

தந்தையார் 1860-ஆம் ஆண்டு முதல் 1862 வரை லீட்ஸ் நகரின் மேயராக விளங்கி, 1885-ஆம் ஆண்டில் மறைந்தார். இளைய ஜேம்ஸ் அவரினும் உயர்ந்தார். 1880-ஆம் ஆண்டுத் தேர்தலில் லீட்ஸில் கிளாட்ஸ்டனுக்காகப் பாடுபட்டார். லிபரல் கட்சியின் தேசியக் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கினார். இரும்பு எஃகுக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். 1892-ஆம் ஆண்டு முதல் 1907 வரை பாராளுமன்ற உறுப்பினர். லீட்ஸின் முதல் ‘லார்டு மேயர்’ என்னும் சிறப்பும் அவருடையதே. 1907-ஆம் ஆண்டில் அவருக்குப் பிரபுப் பட்டம் அளிக்கப்பட்டபோது அது ‘ஏர்டேல் பிரபு’ என்று அமைந்தது. பட்டறையின் பெயரும் பட்டத்தின் பெயரும் ஒன்றாயின. மதுக்கடைக்காரரின் பேரன் பிரபுக்கள் சபையில் அமர்ந்தார். 1911-ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

தொழிலும் பல கிளையாய் விரிந்தது. 1876-ஆம் ஆண்டிலிருந்து 1901-ஆம் ஆண்டு வரையில் நகர வீதிகளில் டிராம் வண்டிகளை இழுக்கும் சிறு நீராவி எஞ்சின்கள் 300-க்கு மேல் அங்கே செய்யப்பட்டன. மலைப்பாதைகளுக்கென ‘கிட்ஸன்–மேயர்’ என்னும் வகை எஞ்சின்களும் தோன்றின. நீண்ட எஞ்சின் வளைந்த பாதையில் திரும்பாது. சிறு எஞ்சினுக்கோ ஏற்றத்தில் இழுக்கும் ஆற்றல் இல்லை. இவ்விரு குறைகளையும் நீக்க, ஒரு பெரிய கொதிகலனின் கீழ்த் தனித்தனியே திரும்பக்கூடிய இரண்டு சக்கரத் தொகுதிகளை அமைப்பதே அதன் நுட்பம். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் அவை ஏறின. 1928-ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கால்கா–சிம்லா மலைப்பாதைக்கும் இத்தகைய எஞ்சின்கள் இரண்டு வந்தன. தொழிற்சாலையின் வாழ்நாள் முழுதிலும் அது செய்தளித்த எஞ்சின்கள் ஏறத்தாழ 5,400 ஆகும்.

இந்தியாவின் பங்கு

இப்பெருவளர்ச்சியைக் குடும்பத்தாரின் திறமையால் மட்டுமே விளைந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. 1855-ஆம் ஆண்டிலிருந்து இந்திய இரயில்வேக்கள் பல கிட்ஸன் கம்பெனிக்குப் பெரிய வாடிக்கையாளராயின. அவ்வாடிக்கை எங்ஙனம் வந்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1849-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, கிழக்கிந்திய இரயில்வேயில் பணம் போட்ட ஆங்கிலேயருக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி உறுதி செய்யப்பட்டது. இரயில்வேயின் வருவாய் அதற்குப் போதாவிடின், குறையும் தொகை இந்திய வருவாயிலிருந்து ஈடு செய்யப்படும். அதாவது, வண்டியையே காணாத சிற்றூர் உழவன் செலுத்திய வரியும் இலண்டனில் இருந்தோர்க்கு வட்டியாகச் சென்றது. அப்பணத்தால் வாங்கப்பட்ட தண்டவாளமும் எஞ்சினும் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்தே வந்தன. லீட்ஸ் நகரத்து உலையில் தீ அணையாதிருந்தமைக்கு வங்கத்து வயலும் தமிழகத்து வயலும் ஒரு காரணம் என்றால் அது மிகையாகாது.

எஞ்சின் செய்யும் ஆற்றல் நம் நாட்டார்க்கு இல்லாமையால் இவ்வாறு நேர்ந்தது என்று சிலர் கருதலாம். 1899-ஆம் ஆண்டிலேயே ஜமால்பூர் பட்டறையில் ‘லேடி கர்ஸன்’ என்னும் எஞ்சின் செய்யப்பட்டது என்பதை அவர்கட்கு நினைவூட்டுகின்றோம். கை இருந்தது, கருவியும் இருந்தது, வாய்ப்புத்தான் அளவோடு அளிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், 1950-ஆம் ஆண்டில், சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் முதல் எஞ்சினை வெளியிட்ட பிறகே அக்குறை நீங்கத் தொடங்கிற்று. இதனைச் சொல்வதால் கிட்ஸன் குடும்பத்தாரின் கைத்திறனுக்கு இழுக்கு இல்லை. அவர்கள் செய்த பொருள் நல்ல பொருளே. ஆயினும், நல்ல பொருளுக்கு உறுதியான சந்தையும் கிடைத்தது என்பதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது.

மூன்றாம் தலைமுறை

முதல் தலைமுறை தேடும். இரண்டாம் தலைமுறை பெருக்கும். மூன்றாம் தலைமுறை தொலைக்கும் என்று நம் நாட்டிலும் பேசுவது உண்டு. கிட்ஸன் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையை அங்ஙனம் எளிதில் பழித்துவிட இயலாது.

அத்தலைமுறையில் எல்லோரும் பட்டறையில் நிற்கவில்லை. ஜான் ஹாதார்னின் மகன் இராபர்ட் கிட்ஸன், உடல்நலம் குன்றியதால் தொழிலை விட்டு இத்தாலி நாட்டுச் சிசிலித் தீவின் தவோர்மினா என்னும் ஊரில் வீடு கட்டிக்கொண்டு ஓவியராக வாழ்ந்தார். ஜான் ஹாதார்னின் மகள் ஜெஸ்ஸி பியாட்ரிஸ் கிட்ஸன் பொதுப்பணியில் ஈடுபட்டு, 1942-ஆம் ஆண்டில் லீட்ஸின் முதல் பெண் லார்டு மேயரானார். பட்டறையின் வருங்காலத்தைப் பற்றிக் கவலை கொண்டவர், மூத்த ஜேம்ஸ் கிட்ஸனின் மகள் வயிற்றுப் பேரரான எட்வின் கிட்ஸன் கிளார்க் ஆவார்.

அவர் காலத்தில் காற்று மாறி வீசிற்று. பிரிட்டிஷ் இரயில்வேக்கள் தமக்கு வேண்டிய எஞ்சின்களைத் தம் சொந்தப் பட்டறைகளிலேயே மிகுதியாகச் செய்துகொண்டன. எண்ணெயால் இயங்கும் டீசல் எஞ்சினைப் பற்றிய பேச்சும் எங்கும் எழுந்தது. டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் செலவு குறைவு. ஆனால் நின்ற நிலையிலிருந்து சுமையை இழுத்துப் புறப்படும் வலிமை அதற்கு இயல்பாக இல்லை. நீராவியோ புறப்படும்போதே முழு வலிமையும் காட்டும்; நிலக்கரியை மட்டும் வரம்பின்றி விழுங்கும். இவ்விரண்டின் நன்மையையும் ஒரே எஞ்சினில் சேர்த்தால் என்ன என்று கிட்ஸன் கிளார்க் எண்ணினார். வில்லியம் ஸ்டில் என்பார் கண்ட முறையைக் கொண்டு ‘கிட்ஸன்–ஸ்டில்’ எஞ்சின் உருவாயிற்று.

அதன் இயக்கம் நுட்பமானது. உருளைக்குள் உள்ள தண்டின் ஒரு பக்கத்தை நீராவி தள்ளும். மறுபக்கத்தை எண்ணெயின் வெடிப்புத் தள்ளும். வண்டி நீராவியால் புறப்படும். சற்று வேகம் பிடித்ததும் எண்ணெய் வேலையை ஏற்றுக்கொள்ளும். எண்ணெய் எரிந்து வெளிவரும் புகையின் வெப்பமும் வீணாகாமல், மறுபடி நீராவி உண்டாக்கப் பயன்படும். 1924-ஆம் ஆண்டு தொடங்கி இம்முயற்சி நடந்தது. யார்க் நகருக்கும் ஹல் நகருக்கும் இடையே உண்மையான வண்டிகளையே அது இழுத்துக் காட்டிற்று. எரிபொருள் மிகவும் மீதமானது.

எஞ்சின் வென்றது, கம்பெனி தோற்றது. அத்தகைய சிக்கலான பொறியை விலை கொடுத்து வாங்க எவரும் முன்வரவில்லை. ஆண்டுக்கணக்கில் நடந்த சோதனையோ பெருஞ்செலவை விழுங்கிற்று. 1929-க்குப் பின் உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தம் எஞ்சியிருந்த வாணிகத்தையும் ஒடுக்கியது. 1934-ஆம் ஆண்டில் கடன் கொடுத்தோர் சார்பில் கம்பெனியை நடத்த அதிகாரி நியமிக்கப்பட்டார். கிட்ஸன்–ஸ்டில் எஞ்சினும் உடைத்து விற்கப்பட்டது. 1938-ஆம் ஆண்டோடு ஏர்டேல் பட்டறையில் எஞ்சின் தொழில் முடிந்தது. வரைபடங்களும் வாணிக உரிமையும் வேறொரு கம்பெனிக்குக் கைமாறின.

எது குடும்பத்தைக் கெடுத்தது?

பழைய முறையைக் கட்டி அழுததால் கிட்ஸன் கம்பெனி அழிந்தது என்று சொல்ல வழியில்லை. புதுமைக்காகவே அது தன் பொருளை இழந்தது. வெளியாரின் பங்குப் பணத்தில் நடக்கும் கம்பெனியாயின், இரண்டு மூன்று ஆண்டு நட்டத்திற்குப் பின் ஆராய்ச்சியைக் கைவிட்டிருக்கும். கைவிட்டிருந்தால் ஒருவேளை இன்னும் சில ஆண்டுகள் பிழைத்தும் இருக்கும். தம் குடும்பப் பெயர் பொறித்த எஞ்சினை நடுவழியில் விட்டுவிட இவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. கூட்டாளிகள் பிரிந்தபோது தொழிலைத் தாங்கிய அதே பிடிவாதம், காலம் மாறியபோது அதனைக் கவிழ்த்தது. ஒரே குணம் தாத்தாவுக்கு மூலதனமாகவும் பேரனுக்குக் கடனாகவும் ஆயிற்று. ஆதலின் குடும்பத் தொழில் நல்லதா தீயதா என்று ஒரு சொல்லில் தீர்ப்பளிக்க யாம் ஒருப்படோம். தொழிலின் மானத்தைக் காப்பது குடும்பம். எப்போது நிறுத்துவது என்று சொல்வது கணக்கேடு. கணக்கேட்டின் குரல் வீட்டுக்குள் கேட்காதபோது கேடு விளைகிறது.

ஏர்டேல் பிரபுப் பட்டமும் நிலைக்கவில்லை. நான்காம் பிரபு 1996-ஆம் ஆண்டில் மகப்பேறின்றி மறைய, பட்டம் அற்றுப்போயிற்று. அதற்கு அடுத்த ஆண்டிலேதான், 1997-இல், ஃபேரி குவீன் நம் நாட்டில் மறுபடியும் நீராவி கக்கிக்கொண்டு பயணிகளுடன் தில்லியிலிருந்து ஆல்வார் நோக்கிப் புறப்பட்டது. ஹௌரா நிலையத்தின் வாயிலிலும், பின்னர் 1943 முதல் சந்தௌசிப் பயிற்சிப் பள்ளியிலும், அதன் பின்னர் அருங்காட்சியகத்திலும் வாளா நின்ற எஞ்சின் அது. வழக்கமான பணியில் ஓடும் உலகின் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று 1998-ஆம் ஆண்டில் கின்னஸ் நூலார் அதனை ஏற்றுக்கொண்டனர்.

தமிழர் நெஞ்சம் குளிர வேண்டிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. ஃபேரி குவீனுடன் அதே 1855-ஆம் ஆண்டில் அதே பட்டறையில் பிறந்த 21-ஆம் எண் எஞ்சின், 1909-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று, ஜமால்பூரிலும் ஹௌராவிலும் காட்சிப் பொருளாகத் துருவேறி நின்றது. அதனைச் சென்னைப் பெரம்பூர் எஞ்சின் பட்டறைக்குக் கொண்டுவந்தனர். செய்த கம்பெனி மறைந்து எழுபது ஆண்டு கடந்திருந்தது. உதிரி உறுப்பு கேட்டு எழுத ஒரு முகவரியும் இல்லை. பெரம்பூர்த் தொழிலாளர் காணாமற்போன உறுப்புகளைத் தம் கையாலேயே புதிதாகச் செய்து பொருத்தினர். 101 ஆண்டு உறங்கிய எஞ்சின் 2010-ஆம் ஆண்டில் சென்னையில் ஓடிற்று.

கிட்ஸன் குடும்பத்தின் இரத்தம் அப்பெரம்பூர்த் தொழிலாளரிடம் ஒரு துளியும் இல்லை. ஆயினும் 1835-ஆம் ஆண்டில் ஹன்ஸ்லெட் பட்டறையில் கிட்ஸனும் டாடும் தொடங்கிய வேலையை, 2010-ஆம் ஆண்டில் தொடர்ந்து செய்தவர்கள் அவர்களே. பட்டமும் கம்பெனியும் பரம்பரையோடு முடிந்தன. தொழிலறிவு மட்டும் கற்றவர் கையில் வாழ்கிறது. நம்முள் தந்தையும் மகனும் இருப்புப்பாதைப் பணியில் இருக்கும் குடும்பங்கள் பல. மக்களுக்குப் பதவியையும் வீட்டையும் விட்டுச் செல்ல விழைவது இயல்பே. கற்ற தொழிலின் நுட்பத்தையும் தம் மக்கட்கும் பிறர் மக்கட்கும் வேறுபாடின்றிச் சொல்லிக்கொடுத்தல் அதனினும் சிறந்தது.

அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், எஞ்சினைச் சுட்டிக்காட்டும்போது அதைச் செய்த லீட்ஸ் நகரத்தாரையும், அதற்கு வரி கொடுத்த நம் முன்னோரையும், அத்தகைய எஞ்சினுக்கு மறுபடி உயிர் கொடுத்த பெரம்பூர்த் தொழிலாளரையும் சேர்த்தே எடுத்துரைப்பார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் பெற்றவராவோம்.